எந்த ஃபோகஸ் பாயின்ட்? பின்னணியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

டிஎஸ்எல்ஆர் வாங்கிய பலர், ஃப்ரேமின் எந்த இடத்தைக் கேமரா கூர்மையாக்க வேண்டும் என்று சொல்லும் ஃபோகஸ் பாயின்ட் செட்டிங் பக்கமே போவதில்லை. பெட்டியைப் பிரித்தபோது ஆட்டோவில் இருந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது. முகம் மங்கலாகவும் பின்னால் தொங்கும் காலண்டர் பளிச்சென்றும் வந்தால், லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டி அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவைத்துவிட்டு, எந்தப் பாயின்ட்டில் ஃபோகஸ் விழுகிறது, அதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கேமராவில் இருக்கும் தேர்வுகள் இவை. நிகானில் சிங்கிள் பாயின்ட், டைனமிக் ஏரியா, 3டி டிராக்கிங், ஆட்டோ ஏரியா, கொஞ்சம் உயர்ந்த பாடிகளில் (லென்ஸ் நீங்கலான கேமரா) கூடுதலாக குரூப் ஏரியா. கேனானில் பாடியைப் பொறுத்து ஸ்பாட், சிங்கிள், எக்ஸ்பான்ஷன், சோன், லார்ஜ் சோன், ஆட்டோ. 1500டி மாதிரி அடிப்படை பாடியில் இவ்வளவெல்லாம் கிடையாது. 9 பாயின்ட்டில் ஒன்றை நீங்கள் எடுக்கலாம், அல்லது ஒன்பதையும் கேமராவிடம் விட்டுவிடலாம், அவ்வளவுதான்.

பொதுவாகச் சொல்லித்தருவது என்னவென்றால், நிற்கிற பொருளுக்கு ஒரு பாயின்ட், ஓடுகிற பொருளுக்கு நிறைய பாயின்ட். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பொருள் நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியது ஏஎஃப்-எஸ்ஸா ஏஎஃப்-சியா, கேனான்காரர்களுக்கு ஒன் ஷாட்டா ஏஐ சர்வோவா என்பதை, அதாவது ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிறுத்துவதா, விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பதா என்பதை. எத்தனை பாயின்ட் என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்கு விடை பொருளிடம் இல்லை, பொருளுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. பின்னால் வெறும் வானம் என்றால் எல்லாப் பாயின்ட்டையும் திறந்துவிடுங்கள், தவறு நடக்க இடமே இல்லை. முன்னால் கிளை, கம்பி, கை, குத்துவிளக்கு என்று ஏதாவது குறுக்கே இருந்தால் ஒரே ஒரு பாயின்ட், அதையும் நீங்களே வையுங்கள்.

ஏன் இப்படி என்று புரிய, உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் செய்வது படம் எடுக்கும் சென்சார் இல்லை. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு கண்ணாடி இருக்கிறது, அது கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழே, கண்ணாடிப் பெட்டியின் அடித்தளத்தில் இருக்கும் தனி ஏஎஃப் சென்சாருக்கு அனுப்புகிறது. லென்ஸின் இரண்டு ஓரங்கள் வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை அந்த சென்சார் சொல்லிவிடும். அந்த சென்சாரில் ஒவ்வொரு பாயின்ட்டும் ஒரு சின்னக் கோடு. படுத்திருக்கும் கோடு நிமிர்ந்த விளிம்புகளைப் பார்க்கும், நிமிர்ந்த கோடு படுத்த விளிம்புகளைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் கிராஸ் டைப். வெள்ளைச் சட்டையின் நடுவில் பாயின்ட்டை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைவதற்குக் காரணம், அங்கே பிடிப்பதற்கு விளிம்பே இல்லை என்பதுதான்.

1500டி-யில் 9 பாயின்ட்டில் நடுவில் இருப்பது ஒன்றுதான் கிராஸ் டைப். நிகான் டி3500-இல் 11 பாயின்ட், அதிலும் நடுவில் ஒன்றுதான். டி5600-இல் 39-க்கு 9. டி7200, டி7500 இரண்டிலும் 51-க்கு 15. கேனான் 80டி-யில் 45-உம் கிராஸ். நிகான் டி500-இல் 153-க்கு 99, ஆனால் அந்த 153-இல் நீங்கள் கையால் தேர்ந்தெடுக்கக்கூடியவை 55 மட்டும்தான், மற்றவை துணைக்கு இருப்பவை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது மொத்த எண்ணிக்கை. உங்கள் படத்தைத் தீர்மானிப்பது கிராஸ் டைப் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன என்பது.

ஓரத்துப் பாயின்ட்டில் ஃபோகஸ் பிடிக்கவில்லை என்றால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஷட்டரை அரை அழுத்து அழுத்துங்கள், விளிம்பு கோடுக்குக் குறுக்காக வந்ததும் பிடித்துவிடும், அப்புறம் நேராக்கி எடுத்துக்கொள்ளலாம். பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை, ஜன்னல் கம்பி, ஓலைக்கூரை மாதிரி ஒரே திசையில் கோடுகள் ஓடும் இடங்களில் இது கைகொடுக்கும்.

இன்னொன்று: வியூஃபைண்டரில் தெரியும் சின்னச் சதுரம் வெறும் அடையாளம். உண்மையான கோடு அதைவிட நீளம், சதுரத்துக்கு வெளியேயும் கொஞ்சம் நீளும். கண்ணில் சதுரத்தை வைத்தேன், புருவத்தில் போய் விழுந்துவிட்டது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். கேனான் 7டி மார்க் 2, 5டி மார்க் 3, 5டி மார்க் 4 ஆகியவற்றில் ஸ்பாட் ஏஎஃப் என்று தனியாக ஒன்றைக் கொடுத்திருப்பது இதற்காகத்தான், கோட்டின் சின்னப் பகுதியை மட்டும் அது பயன்படுத்தும். வண்டலூர் உயிரியல் பூங்காவில் கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் பறவையை எடுக்க அதைவிட நல்ல செட்டிங் இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் மட்டும் அது தடுமாறும்.

ஆட்டோ ஏரியா: எங்கே சரி, எங்கே தவறு

ஆட்டோ ஏரியாவை மட்டமாகப் பேசுவது புகைப்படக்காரர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. எல்லாப் பாயின்ட்டும் திறந்திருக்கும்போது கேமரா பெரும்பாலும் மிக அருகில் இருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும் பொருளைப் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியதும் அதே பொருள் என்றால் கேமராவை விட வேகமாக உங்களால் செய்ய முடியாது. மெரினாவில் கடலைப் பின்னணியாக வைத்து நிற்கும் குடும்பம், மைதானத்தின் நடுவே தனியாக ஓடிவரும் குழந்தை, கறுப்புத் திரைக்கு முன்னால் ஆடும் பரதநாட்டியக் கலைஞர். இதிலெல்லாம் ஆட்டோ நன்றாகவே வேலை செய்யும். நாட்டியத்தை எல்லோரும் கடினம் என்கிறார்கள், வெளிச்சமும் ஷட்டர் வேகமும் கடினம்தான், ஆனால் பாயின்ட் தேர்வு என்ற அளவில் அது சுலபமான பொருள், பின்னால் திரையில் பிடிக்க ஒன்றுமே இல்லை.

கல்யாண மேடை நேர் எதிர். ஆள் அசைவதே இல்லை, உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், ஆனாலும் ஆட்டோ அங்கே மோசமாகத் தோற்கும். முன்னால் குத்துவிளக்கு, ஹோமகுண்டம், தட்டில் தேங்காய், குறுக்கே நீளும் ஐயர் கை, பக்கத்தில் வீடியோக்காரரின் தோள். இவற்றில் ஏதாவது ஒன்று மாப்பிள்ளை முகத்தை விடக் கேமராவுக்கு அருகில் இருந்தே தீரும். விளக்குச் சுடர் மாதிரி பளிச்சென்ற விளிம்பு உள்ள பொருள் கிடைத்தால் கேமரா அதை விட்டு முகத்துக்கு வரவே வராது. வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். ஆடிக்கொண்டிருப்பவருக்கு எல்லாப் பாயின்ட்டும், அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே பாயின்ட்.

சில பாடிகளில் ஆட்டோவுக்கு முகம் தெரியும். நிகான் டி500, டி7500, டி850 மூன்றிலும் வெளிச்சத்தை அளக்கும் சென்சாரில் சுமார் 1,80,000 பிக்சல் இருப்பதால் வியூஃபைண்டரிலேயே முகத்தை அடையாளம் காணும். கேனான் 90டி-யும் முகத்தை அடையாளம் காணும். அந்தப் பாடிகளில் ஆட்டோவை மேடையில்கூட முயன்று பார்க்கலாம். டி3500-லும் 1500டி-யிலும் இதை எதிர்பார்க்காதீர்கள்.

சிங்கிள் பாயின்ட்: நடுவில் வைத்துத் திருப்புவதா, பாயின்ட்டையே நகர்த்துவதா

ஒரு பாயின்ட்தான் என்று முடிவு செய்த பிறகும் இரண்டு வழி இருக்கிறது. நடுப் பாயின்ட்டில் ஃபோகஸ் செய்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃப்ரேமைச் சரிசெய்து எடுப்பது ஒன்று. ஃப்ரேமை முதலிலேயே வைத்துக்கொண்டு, கண்ணுக்கு மேல் வரும் பாயின்ட்டைத் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. இந்த விஷயத்தில் இரு தரப்பும் கடுமையாகச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு போட்டால் சண்டைக்கு அவசியமே இல்லை.

கேமராவைத் திருப்பும்போது ஃபோகஸ் தளமும் கூடவே சுழல்கிறது. அதனால் திருப்பி முடித்தபோது கூர்மையான தளம் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் போயிருக்கும். எவ்வளவு பின்னால்? சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி பாடியில் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸை முழுக்கத் திறந்து, கேமராவை நிமிர்த்திப் பிடித்து, கண் ஃப்ரேமின் மேல்பகுதியில், சென்சாரின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி விழுவதாக வைத்துக்கொள்வோம். திருப்பும் கோணம் 9 டிகிரிக்குப் பக்கம். ஆள் 3 மீட்டரில் நின்றால் தளம் சுமார் 38 மில்லிமீட்டர் பின்னால் நகரும். ஆனால் அந்தத் தூரத்தில் முன்னும் பின்னும் 12 சென்டிமீட்டர் வரை கூர்மையாகவே தெரியும், ஆகவே கவலையில்லை. 1.5 மீட்டரில் நகர்வு 19 மில்லிமீட்டர், கைவசம் இருக்கும் ஆழமோ (கூர்மையாகத் தெரியும் தூரம்) ஒரு பக்கத்துக்கு 30, அதாவது பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. ஆள் ஒரு மூச்சு விட்டு அசைந்தால் தவறிவிடும். அரை மீட்டரில் நகர்வு 6 மில்லிமீட்டர்தான், ஆனால் ஆழம் 3-தான். அங்கே நடுவில் வைத்துத் திருப்பினால் கண் மங்கிப் போவது நிச்சயம்.

கவனியுங்கள், நகர்வு தூரத்தோடு நேராகக் கூடுகிறது, ஆழமோ தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. அதனால் தூரத்தில் திருப்பலாம், அருகில் திருப்பக் கூடாது. குழந்தையின் முகம், மோதிரம், மருதாணிக் கை, பூ என்று நெருங்கிப் போகும்போது பாயின்ட்டை நகர்த்துங்கள். முழு உருவப் படம், குழுப் படம், எஃப்/5.6-க்குக் குறைத்த, கேமராவோடு வரும் கிட் லென்ஸ் என்றால் நடுவில் வைத்துத் திருப்புவதில் ஒரு நஷ்டமும் இல்லை, லாபம்தான், ஏனென்றால் அடிப்படை பாடிகளில் நம்பக்கூடிய ஒரே கிராஸ் பாயின்ட் நடுவில்தானே இருக்கிறது. ஒன்றே ஒன்று, இது ஏஎஃப்-எஸ்ஸில் அல்லது ஒன் ஷாட்டில் மட்டும் நடக்கும். ஏஎஃப்-சியில் திருப்பினால் கேமரா விடாமல் ஃபோகஸ் செய்துகொண்டே இருப்பதால் நடுவில் புதிதாக வந்த சுவருக்குப் போய்விடும்.

பாயின்ட்டை நகர்த்துவது தொல்லை என்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. எவ்வளவு பழைய தொல்லை என்றால், கேனான் 1992-இல் இஓஎஸ் 5 ஃபிலிம் கேமராவில் கண் எங்கே பார்க்கிறதோ அந்தப் பாயின்ட்டைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது, 1998-இல் இஓஎஸ் 3-இல் அதையே 45 பாயின்ட்டுக்கு விரித்தது. டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்றில்கூட அது வரவில்லை, 2021-இல் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ஆர்3-இல்தான் திரும்பி வந்தது. டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. போகட்டும், கைப்பழக்கம்தான் வழி. டி3500-இல் பின்பக்கத் திசைப் பட்டனை அழுத்தினால் பாயின்ட் நகரும், ஓகேவை அழுத்தினால் நடுவுக்கு வந்துவிடும். 1500டி-யில் முதலில் பாயின்ட் பட்டனை அழுத்திவிட்டுத் திசைப் பட்டன், செட் அழுத்தினால் நடுவுக்கும் ஆட்டோவுக்கும் மாறி மாறிப் போகும். பாதிப் பேர் அறியாமல் ஆட்டோவுக்குப் போவது இந்த செட் பட்டனால்தான், ஆகையால் எடுக்கும் முன் எத்தனை சதுரம் எரிகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டைனமிக், எக்ஸ்பான்ஷன் ஒரு பக்கம். சோன், குரூப் மறுபக்கம்

அதிகம் குழப்பும் இடம் இது. எல்லாமே "ஒன்றுக்கு மேல், எல்லாவற்றுக்கும் குறைவு" என்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. உள்ளே நடப்பது இரண்டு வேறு விஷயங்கள்.

நிகானின் டைனமிக்கிலும் கேனானின் எக்ஸ்பான்ஷனிலும் நீங்கள் வைத்த ஒரு பாயின்ட்டுக்குத்தான் முதல் உரிமை. பொருள் அதிலிருந்து ஒரு கணம் நழுவினால் மட்டும் சுற்றியுள்ள பாயின்ட்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். கேனானின் சோனும் நிகானின் குரூப்பும் அப்படியில்லை. அந்தப் பகுதிக்குள் இருக்கும் பாயின்ட் எல்லாம் சம உரிமை உள்ளவை, அதற்குள் எது மிக அருகில் இருக்கிறதோ அதைக் கேமராவே பிடிக்கும். சுருக்கமாக, சோன் என்பது சின்ன இடத்துக்குள் அடைத்துவைத்த ஆட்டோ.

வேடந்தாங்கலில் இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். கார்த்திகை தொடங்கி மாசி வரை ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, சாம்பல் நாரை, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும், கரையில் நின்று 300 எம்எம், 600 எம்எம் என்று நீட்டுகிறோம். கூட்டில் இருக்கும் பறவைக்கு முன்னால் எப்போதும் ஒரு சுள்ளியாவது இருக்கும். சோனில் வைத்தால் சுள்ளி அழகாக வரும், நாரையின் தலை பஞ்சு மாதிரி வரும். சிங்கிள் பாயின்ட்டை அலகு தொடங்கும் இடத்தில், கண்ணோடு சேர்த்து வைத்தால் வந்துவிடும். அதே நாரை மரத்தை விட்டு எழும்பி வானத்துக்குப் போனதும் நிலைமை தலைகீழ். ஒரு பாயின்ட்டைப் பறக்கும் பறவை மேல் நிறுத்துவது பெரும்பாடு, அது தவறினால் நீல வானத்தில் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் லென்ஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, திரும்பி வருவதற்குள் பறவை போய்விடும். அப்போது லார்ஜ் சோன், குரூப், அல்லது டைனமிக்கில் பெரிய எண்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது, உண்மையான கஷ்டம் அங்கேதான்: மரங்களைப் பின்னணியாக வைத்துப் பறவை குறுக்கே பறப்பது. நிகான் டி7200 கையேடு, 9 பாயின்ட் டைனமிக்கை ஃப்ரேம் வைக்க நேரம் கிடைக்கும் பொருளுக்கும், 21-ஐ எப்படித் திரும்பும் என்று தெரியாத கால்பந்து வீரர் போன்றவர்களுக்கும், 51-ஐ வேகமாகப் போகும், ஃப்ரேமுக்குள் வைக்கவே கஷ்டமான பறவைக்கும் என்று பிரிக்கிறது. வானத்துப் பறவைக்கு அது சரி. மரத்துக்கு முன்னால் பறக்கும் பறவைக்கு 51 வைத்தால் நழுவிய கணத்தில் எங்கோ ஒரு பாயின்ட் இலையைப் பிடித்துக்கொள்ளும். அங்கே 9-தான் நான் சொல்வேன், முடியாவிட்டால் 21, அதற்கு மேல் வேண்டாம். கேனானில் 7டி மார்க் 2, 5டி மார்க் 3 வைத்திருப்பவர்கள் 4 பாயின்ட் எக்ஸ்பான்ஷன் போடுங்கள். 80டி, 90டி-யில் எக்ஸ்பான்ஷன் கிடையாது, சிங்கிளோ சோனோ இரண்டில் ஒன்று. பின்னணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பறவைதான் அருகில், மரம் வெகுதூரம் பின்னால், முன்னால் ஒன்றுமில்லை என்றால் சோன் போதும், அருகில் இருப்பதைப் பிடிக்கும் அதன் குணம் அப்போது உங்களுக்கு உதவும்.

ஒரு கூடுதல் செட்டிங்கும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிகானில் ஃபோகஸ் டிராக்கிங் வித் லாக்-ஆன், கேனான் உயர் பாடிகளில் டிராக்கிங் சென்சிடிவிட்டி. குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை இது தீர்மானிக்கிறது. ஜல்லிக்கட்டில் காளைக்கும் உங்களுக்கும் நடுவே ஆள்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அங்கே இதை நீண்ட நேரம் பொறுக்கும்படி வைத்து, 9 பாயின்ட் டைனமிக்கோ எக்ஸ்பான்ஷனோ போட்டால் காளை கையை விட்டுப் போகாது. தடுப்புக்கம்பி இடுக்கு வழியாக எடுப்பதானால் வெறும் சிங்கிள், வேறு எதுவும் கம்பியைத்தான் பிடிக்கும்.

3டி டிராக்கிங்

நிகானின் இந்தச் செட்டிங் நிறத்தை வைத்து வேலை செய்கிறது. முதலில் நீங்கள் வைத்த பாயின்ட்டுக்குக் கீழே என்ன நிறம் இருந்ததோ அது எங்கே நகர்கிறதோ அங்கே பாயின்ட்டும் நகரும். நிறத்தைப் பார்ப்பது வெளிச்சம் அளக்கும் சென்சார். அது டி3500-இல் 420 பிக்சல், டி5600-இல் 2,016, டி7500-இல் 1,80,000. ஒரே பெயரில் இருக்கும் ஒரே செட்டிங் டி3500-இல் ஏமாற்றுவதும் டி7500-இல் அசத்துவதும் இதனால். பச்சைப் புல்லில் சிவப்புச் சட்டைக் குழந்தை என்றால் டி3500-கூட பின்தொடரும். வெள்ளை உடுப்பில் ஆடும் கிரிக்கெட்டில், காய்ந்த புல்லுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவியில், ஒரே யூனிஃபார்மில் வரும் பள்ளி அணிவகுப்பில் அது திணறும். மின்னல் வேகத்துக்கும் இது பொருந்தாது. இதன் உண்மையான பயன் வேறு: ஏஎஃப்-சியில் இருந்தபடியே கண்ணைப் பிடித்து ஃப்ரேமைத் திருப்பலாம், பாயின்ட் கண்ணோடு கூடவே வரும். டி7500-க்கு மேலுள்ள பாடி வைத்திருக்கும் போர்ட்ரெய்ட்காரர்கள் இதை முயன்று பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு.

1500டி-யில் இதற்கு இணையாக ஒன்றுமில்லை. ஆனால் ஏஐ சர்வோவில் ஆட்டோ வைத்தால், முதல் பிடியை நடுப் பாயின்ட்டில்தான் எடுக்கும், அப்புறம் பொருள் மற்ற 8 பாயின்ட்டுக்கு நகர்ந்தால் பின்தொடரும். இது தெரிந்தால் அந்தச் செட்டிங் உபயோகமானது. முதலில் நடுவில் வைத்துப் பிடியுங்கள், அப்புறம் ஓடவிடுங்கள்.

இருட்டில்

முகூர்த்தம் விடியற்காலை, மண்டபத்தில் மங்கிய மஞ்சள் விளக்கு. இங்கே தேர்வே இல்லை, நடுப் பாயின்ட்தான். பெரும்பாலான பாடிகளில் இருட்டில் மிக நன்றாகப் பார்ப்பது அதுதான். பழைய கேனான் 6டி-யில் மொத்தம் 11 பாயின்ட், நடுவில் மட்டும் கிராஸ், ஆனால் அந்த ஒன்று -3 இவி (வெளிச்ச அளவு, எண் குறையக் குறைய இருட்டு) வரை பிடிக்கும், அதனால்தான் அவ்வளவு குறைந்த பாயின்ட் வைத்துக்கொண்டும் கல்யாணக்காரர்கள் அதைப் பல வருடம் விடாமல் வைத்திருந்தார்கள். டி500, டி850-இல் நடுப் பாயின்ட் -4 இவி.

நிகான்காரர்களுக்கு இன்னும் ஒரு காரணம். முன்னால் எரியும் ஏஎஃப் உதவி விளக்கு ஏஎஃப்-எஸ்ஸில், நடுப் பாயின்ட்டிலோ ஆட்டோ ஏரியாவிலோ மட்டும்தான் எரியும். பாயின்ட்டை ஓரத்துக்கு நகர்த்தினாலோ ஏஎஃப்-சிக்கு மாற்றினாலோ எரியாது. விளக்கு கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன் இதைப் பாருங்கள். அதுவும் சுமார் 3 மீட்டர் வரைதான் எட்டும். 1500டி-யில் விளக்கே கிடையாது, பாடியிலிருக்கும் ஃபிளாஷைத் தூக்கிவைத்தால் அது படபடவென்று மின்னி உதவும். ஓமத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு தொந்தரவு என்று சொல்ல வேண்டியதில்லை. தனி ஃபிளாஷ் மாட்டினால் பலவற்றில் சிவப்புக் கற்றை வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அசையாத பொருள், முக்காலி, நேரம் இருக்கிறது என்றால் பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ எல்லாவற்றையும் விட நல்லது. சதுரத்தைக் கிட்டத்தட்டத் திரை முழுக்க எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸ் செய்வதால் லென்ஸுக்கும் ஏஎஃப் சென்சாருக்கும் ஒத்துவராத பிரச்சினையும் வராது. 2013-இல் 70டி-யில் தொடங்கி கேனான் கொண்டுவந்த டூயல் பிக்சல் (படம் எடுக்கும் சென்சாரிலேயே வேகமாக ஃபோகஸ் செய்யும் முறை) இருக்கும் 200டி, 80டி, 90டி-யில் வேகமும் உண்டு. 1500டி, டி3500-இல் மெதுவாகத்தான் பிடிக்கும், கோயில் சிற்பத்துக்கும் சமையல் படத்துக்கும் அது போதும்.

ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-சி மாற்றி மாற்றிப் போடுவது அலுத்துவிட்டால் பேக் பட்டன் ஃபோகஸுக்கு மாறுங்கள். ஃபோகஸைப் பின்பக்கக் கட்டைவிரல் பட்டனுக்குக் கொடுத்துவிட்டு ஏஎஃப்-சியிலேயே இருக்கலாம். பட்டனை விட்டால் ஃபோகஸ் நின்றுவிடும், திருப்பி எடுக்கலாம். அழுத்தியே இருந்தால் பின்தொடரும். டி3500-இல் ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டனை ஏஎஃப்-ஆன் ஆக்கலாம், 1500டி-யில் நட்சத்திரப் பட்டனை கஸ்டம் ஃபங்ஷனில் மாற்றலாம். கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும்போது மட்டும் மறக்காமல் பழையபடி மாற்றிக் கொடுங்கள். டி7200, டி7500-இல் ஏஎஃப்-சிக்கு ஆரம்பத்தில் ரிலீஸ் முன்னுரிமை வைத்திருப்பார்கள், அதாவது ஃபோகஸ் ஆகாவிட்டாலும் படம் விழும். மங்கல் படம் அதிகமாக வருகிறது என்றால் கஸ்டம் செட்டிங் ஏ1-இல் அதை ஃபோகஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

எடுத்த படத்தில் எந்தப் பாயின்ட் வேலை செய்தது என்று கணினியில் பார்க்க முடியும். நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், இரண்டும் இலவசம். சதுரம் தோளில் இருந்து முகம் மங்கியிருந்தால் பாயின்ட் தேர்வில்தான் கோளாறு. சதுரம் கண்ணிலேயே இருந்தும் ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமாக ஃபோகஸ் தள்ளிப்போனால், 80டி, டி7200 மாதிரி பாடிகளில் அந்த லென்ஸுக்கென்று ஃபோகஸைத் திருத்திக்கொள்ள வசதி இருக்கிறது, 1500டி, டி3500-இல் இல்லை.

அதிக பாயின்ட் உள்ள பாடிக்கு மாறலாமா

இப்போது பழைய டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைப்பதால் இந்தக் கேள்வி வந்தே தீரும். கல்யாணம், குடும்பம், கோயில் எடுப்பவர் 9 பாயின்ட்டிலிருந்து 51-க்குப் போவதால் பெரிய மாற்றம் வராது, நடுப் பாயின்ட்டை நம்பி எடுக்கப் பழகிவிட்டால் பணத்தை வெளிச்சத்துக்குச் செலவிடலாம். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் பாயின்ட்கள் ஃப்ரேம் முழுக்க விரியும் என்று நினைத்து வாங்காதீர்கள். டி750-இன் 51-உம், 6டி மார்க் 2-இன் 45-உம் நடுவில்தான் கும்பலாக இருக்கின்றன, ஓரத்தில் வரும் முகத்துக்கு அங்கேயும் திருப்பித்தான் ஆக வேண்டும். ஃப்ரேமின் அகலம் முழுக்கக் கிட்டத்தட்ட எட்டுவது டி500. பறவை, விளையாட்டு என்று இறங்கியவர்களுக்கு அதைத்தான் சொல்வேன், பாயின்ட்டை நகர்த்தப் பின்னால் குச்சி வேறு இருக்கிறது.

அவ்வளவு செலவிட முடியாது, 80டி-யா டி7500-ஆ என்று இரண்டு மட்டும் எஞ்சியிருந்தால், மரங்களுக்கு நடுவே பறவை எடுப்பவர் டி7500 வாங்கட்டும், டைனமிக் 9-உம் குரூப்பும் இரண்டுமே அதில் இருக்கின்றன. வீட்டில் குழந்தை இருக்கிறது, வீடியோவும் எடுக்க வேண்டும், திரையைப் பார்த்தேதான் பாதிப் படம் எடுப்பேன் என்பவருக்கு 80டி.